கடையின் இணையப் பக்கங்களுக்கு ஒரே டெம்ப்ளேட்



2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் மாறியதை உறுப்பினர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நெய்யும் வெண்ணெயும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. பிஸ்கட், ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், குளியல் சோப்பு ஆகியவை 18-லிருந்து 5-க்கு வந்தன. பில் போடும் கம்ப்யூட்டரில் உடனே விகிதத்தை மாற்றினோம். வாசலில் தொங்கும் விலைப் பலகையை அழித்து எழுதினோம். சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் சில கடைகளில் மட்டும், தளத்தில் இருந்த பழைய விகிதம் வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. செல்போனில் அதைப் பார்த்துவிட்டு வரும் வாடிக்கையாளர், "அரசாங்கம் குறைத்துவிட்டது, நீங்கள் இன்னும் 12 என்றுதானே போட்டிருக்கிறீர்கள்?" என்று கல்லாவின் முன் நின்று கேட்டால், பில்லில் சரியாகத்தான் போட்டிருக்கிறோம் என்று எத்தனை பேருக்கு விளக்கிக்கொண்டிருப்பது?

மாற்றக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. வரி பற்றிய அந்த ஒரு வாசகம் சரக்குக்கு ஒரு பக்கம் வீதம் நாற்பது பக்கங்களில் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. பக்கத்துக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் 200 நிமிடம், அதாவது மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல். பண்டிகைச் சரக்கு வந்து இறங்கும் நாட்களில் அந்த நேரம் யாருக்குக் கிடைக்கும்? பத்துப் பக்கம் மாற்றி, மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒரே கடையின் தளத்தில் இரண்டு விதமான கணக்கு நிற்கும். ஒன்றையும் மாற்றாமல் இருப்பதைவிட அது கெடுதல்.

இந்தத் தொல்லைக்கு வழி உண்டு. இணையதளம் வடிவமைக்கும் மென்பொருள்களில் டெம்ப்ளேட் என்று ஒரு வசதி இருக்கிறது. வார்ப்புரு என்றும் தமிழில் எழுதுகிறார்கள். நாம் டெம்ப்ளேட் என்றே சொல்வோம். தளம் செய்து தரும் பையன்களிடம் பேசும்போது அந்தச் சொல்தான் உதவும்.

பில் புத்தகம் போலத்தான்

அச்சாபீசில் பில் புத்தகம் அடிக்கக் கொடுக்கிறோம். மேலே பிள்ளையார் சுழி, கடைப் பெயர், விலாசம், தொலைபேசி எண், வரிப் பதிவு எண். கீழே "விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது" முதலிய நிபந்தனைகள். நடுவில் சரக்கு, எடை, விலை, தொகை என்று கோடு போட்ட காலியிடம். கணக்குப்பிள்ளை அந்தக் காலியிடத்தில்தான் எழுதுவார். கடைப் பெயரை அவர் மாற்றி எழுத முடியாது, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. டெம்ப்ளேட்டும் இதுதான். ஒரு பக்கத்தில் எந்தெந்த இடம் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானது, எந்தெந்த இடம் பக்கத்துக்குப் பக்கம் மாறுவது என்று முன்கூட்டியே பிரித்து, பொதுவானதைப் பூட்டிவைப்பது.

பில் புத்தகத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. தொலைபேசி எண் மாறினால், அடித்து வைத்த ஐம்பது புத்தகமும் வீண். ரப்பர் ஸ்டாம்பு குத்திச் சமாளிப்போம். டெம்ப்ளேட்டில் எண்ணை ஒரு முறை திருத்தினால், அதிலிருந்து ஏற்கெனவே செய்து முடித்த நாற்பது பக்கங்களிலும் தானாகத் திருந்திவிடும். அச்சடித்த பழைய புத்தகங்கள் பீரோவுக்குள் இருந்தபடியே தங்களைத் திருத்திக்கொண்டால் எப்படியோ அப்படி.

எதைப் பூட்டுவது, எதைத் திறந்துவிடுவது

கம்ப்யூட்டர் முன் உட்காருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. இதைத் தளம் செய்து தருபவரிடம் விட்டுவிடக் கூடாது என்பது நம் கருத்து. அவருக்கு மென்பொருள் தெரியும், மளிகை தெரியாது.

ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில், எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருந்து, அபூர்வமாக மாறுபவை: கடைப் பெயர், விலாசம், கடை திறக்கும் நேரம், விடுமுறை நாள், 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். இந்த உரிம எண்ணை 2022 ஜனவரி 1 முதல் பில்லில் அச்சிட வேண்டும் என்று வந்தது நினைவிருக்கும். தளத்திலும் போட்டுவைத்தால் வெளியூர் ஓட்டல்காரர்களுக்கு நம்பிக்கை வரும். வரி பற்றிய பொது வாசகமும் இந்தப் பத்தியில்தான் சேரும். இவை பூட்டப்பட வேண்டியவை.

இரண்டாம் பத்தியில், பக்கத்துக்குப் பக்கம் வேறாக இருப்பவை: சரக்கின் பெயர், படம், ரகம், எந்த எடையில் கட்டிக் கிடைக்கும் என்ற விவரம். இவை திறந்துவிடப்பட வேண்டியவை.

மூன்றாவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எல்லாப் பக்கத்திலும் தெரிய வேண்டும், ஆனால் தினமும் மாறும். அன்றைய மார்க்கெட் விலைதான் அது. துவரம்பருப்பு மூட்டை விலை, வெல்லம் விலை, எண்ணெய் டின் விலை. எல்லாப் பக்கத்திலும் தெரியட்டும் என்று இதை டெம்ப்ளேட்டின் பூட்டிய பகுதியில் வைத்துவிட்டால், தினமும் நாற்பது பக்கத்தையும் திரும்ப ஏற்ற வேண்டிவரும். இதற்கு "இன்றைய விலை" என்று தனியாக ஒரே ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, மற்ற பக்கங்களிலிருந்து அதற்கு ஒரு இணைப்பு மட்டும் கொடுப்பதே நல்லது. இணைப்பு மாறாது, ஆகவே இணைப்பைப் பூட்டிய பகுதியில் வைக்கலாம். விலையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். நம்மிடம் ஏற்கெனவே வாங்குகிறவருக்குப் போதும். நம் எண்ணே தெரியாத புது ஆளுக்கு?

தளத்தின் வழியாகவே ஆர்டர் எடுத்து விற்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2018 ஜனவரி 1 முதல், பொட்டலச் சரக்கை இணையத்தில் விற்பவர் தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிடுபவரின் பெயர் விலாசம், சரக்கின் பெயர், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் புகார் தொடர்பு ஆகியவற்றைத் தளத்திலேயே காட்ட வேண்டும் என்று எடையளவு விதிகள் சொல்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் டெம்ப்ளேட்டில் தலைப்போடு ஒரு காலியிடம் வைத்துவிடுங்கள். "நிகர எடை" என்ற தலைப்பு பூட்டியிருக்கும், அதன் எதிரே உள்ள இடம் மட்டும் திறந்திருக்கும். புதுச் சரக்குக்குப் பக்கம் போடும் பையன் அதை விட்டுவிட்டால், காலியிடமே அவனைக் காட்டிக்கொடுக்கும்.

டிரீம்வீவரில் செய்யும் முறை

எடுத்துக்காட்டுக்கு டிரீம்வீவர் என்ற மென்பொருளைப் பார்ப்போம். 1997-ல் மேக்ரோமீடியா நிறுவனம் கொண்டுவந்தது. 2005-ல் அந்த நிறுவனத்தையே அடோபி வாங்கியது. டெம்ப்ளேட் வசதி இதில் தெளிவாக இருப்பதால், இதில் புரிந்துகொண்டால் மற்றதிலும் புரியும்.

முதலில் ஒரே ஒரு பக்கத்தைச் சாதாரணமாகச் செய்து முடிக்க வேண்டும். கடலைப்பருப்புப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு, படம், விவரம், அடியில் விலாசம் எல்லாம் நம் மனத்துக்குப் பிடித்த மாதிரி வந்த பிறகு, ஃபைல் பட்டியலில் 'சேவ் அஸ் டெம்ப்ளேட்' என்பதை அழுத்தி ஒரு பெயர் கொடுக்க வேண்டும். மென்பொருள் நம் தளத்தின் ஃபோல்டருக்குள் 'டெம்ப்ளேட்ஸ்' என்று ஒரு ஃபோல்டரைத் தானே உண்டாக்கி அதில் சேமிக்கும். கோப்பின் பெயர் டி.டபிள்யூ.டி. என்று முடியும். இந்த ஃபோல்டரை இடம் மாற்றவோ, வேறு கோப்புகளை இதில் போட்டுவைக்கவோ கூடாது. மாற்றினால் பக்கங்களுக்கும் டெம்ப்ளேட்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும்.

இப்போது எல்லா இடமும் பூட்டித்தான் இருக்கும். திறக்க வேண்டிய இடத்தை மவுஸால் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் பட்டியலில் டெம்ப்ளேட், அதில் 'எடிட்டபிள் ரீஜியன்' என்பதை அழுத்தினால் பெயர் கேட்கும். "சரக்கு-பெயர்", "படம்", "விவரம்" என்று புரியும்படி பெயர் வையுங்கள். ஒரே பெயரை இரண்டு இடத்துக்கு வைக்க முடியாது. மேற்கோள் குறி போன்ற அடையாளங்களையும் பெயரில் சேர்க்க முடியாது. உலாவியின் மேல் விளிம்பில் தெரியும் பக்கத் தலைப்பை மென்பொருள் தானாகவே திறந்துவைத்திருக்கும், அதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

விலை அட்டவணைக்கு மட்டும் வேறு முறை. அட்டவணை முழுவதையும் திறந்துவிட்டால், பையன் ஒரு நாள் "தொகை" பத்தியையே அழித்துவிடுவான். கட்டம் கட்டமாகத் திறந்தால், ஐந்து ரகத்துக்கு வைத்த அட்டவணையில் ஆறாவது ரகத்தைச் சேர்க்க வழியிருக்காது. இதற்காகவே 'ரிப்பீட்டிங் டேபிள்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தலைப்பு வரிசை பூட்டியிருக்கும். கீழே உள்ள வரிசை மட்டும் வேண்டிய மட்டும் பெருகும். பக்கத்தைத் திறந்தால் அட்டவணையின் மேல் கூட்டல், கழித்தல் குறிகளும் மேல் கீழ் அம்புக்குறிகளும் தெரியும். கூட்டலை அழுத்தினால் இன்னொரு ரகத்துக்கு வரிசை வரும், கழித்தலை அழுத்தினால் போகும். மளிகைக் கடைக்கு இந்த மென்பொருளில் உள்ள வசதிகளிலேயே உபயோகமானது இதுதான் என்று சொல்வோம்.

படங்களுக்கும் இணைப்புகளுக்கும் ஒரு எச்சரிக்கை. டெம்ப்ளேட் ஒரு ஃபோல்டரில் இருக்கிறது, பக்கங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஆகவே படம் இருக்கும் வழியைக் கையால் தட்டச்சு செய்தால் டெம்ப்ளேட்டில் சரியாக இருப்பது பக்கத்தில் தப்பாகிவிடும். ஃபோல்டர் படம் போட்ட சிறு பொத்தானை அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால், வழியை மென்பொருளே கணக்கிட்டு எழுதிக்கொள்ளும்.

டெம்ப்ளேட்டின் தலைப்பகுதியில் எழுத்துமுறை யூ.டி.எஃப்-8 என்று ஒரு முறை அமைந்திருந்தால் தமிழ் யூனிகோடு எல்லாப் பக்கத்திலும் சரியாகத் தெரியும். அச்சாபீசில் நம் விளம்பர நோட்டீசுக்குத் தட்டச்சு செய்த தமிழை அப்படியே வாங்கி ஒட்டாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத செல்போனில் ஆங்கில எழுத்துக்கள் கலைந்து கிடப்பது போலத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

அடுத்து, புதுப் பக்கம் போடுவது. ஃபைல், நியூ என்று போய், தளத்தின் டெம்ப்ளேட்டுகளில் நம்முடையதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெம்ப்ளேட் மாறும்போது பக்கமும் மாற வேண்டுமா என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். திறக்கும் பக்கத்தில், காலியிடங்களைச் சுற்றி மட்டும் கோடு தெரியும். பூட்டிய இடத்துக்கு மவுஸைக் கொண்டுபோனால் அனுமதியில்லை என்ற குறி வரும். உளுந்துக்கு ஒன்று, பாசிப்பருப்புக்கு ஒன்று என்று நாற்பது பக்கமும் இப்படியே போடலாம். முதல் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனாலும், நாற்பதாவது பக்கம் பத்து நிமிட வேலைதான்.

மாற்றம் வரும் நாள்

வரி மாறுகிறது, அல்லது கிடங்கு இடம் மாறுகிறது. டெம்ப்ளேட்டைத் திறந்து அந்த வாசகத்தைத் திருத்திச் சேமித்தால், இதைச் சார்ந்த பக்கங்களையும் புதுப்பிக்கட்டுமா என்று மென்பொருள் பட்டியலோடு கேட்கும். 'அப்டேட்' என்று அழுத்தினால் சில விநாடிகளில் நாற்பதும் முடிந்துவிடும்.

இங்கேதான் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். மாறியது நம் கம்ப்யூட்டரில் உள்ள பக்கங்கள் மட்டும். சர்வரில், அதாவது உலகம் பார்க்கும் இடத்தில், இன்னும் பழைய பக்கங்கள்தான் இருக்கும். மாறிய நாற்பதையும் சர்வருக்கு ஏற்ற வேண்டும். டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரைச் சர்வரில் ஏற்றத் தேவையில்லை, அது நம் உள்வேலைக்கு உரியது. ஏற்றிய பிறகு வேறொருவர் செல்போனில் திறந்து பாருங்கள். நம் கம்ப்யூட்டரின் உலாவி பழைய பக்கத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அதையே காட்டக்கூடும். அப்போது ரெஃப்ரெஷ் பொத்தானை அழுத்த வேண்டும்.

இன்னொரு ஆபத்து, காலியிடத்தின் பெயரை இடையில் மாற்றுவது. "விவரம்" என்று வைத்திருந்ததை டெம்ப்ளேட்டில் எடுத்துவிட்டோம் அல்லது வேறு பெயராக்கினோம் என்றால், பக்கங்களில் அந்தப் பெயரின் கீழ் எழுதியிருந்ததை எங்கே வைப்பது என்று மென்பொருளுக்குத் தெரியாது. நம்மைக் கேட்கும். அந்தப் பட்டியலில் 'நோவேர்' என்றும் ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் எழுதியது அத்தனையும் போய்விடும். அவசரத்தில் படிக்காமல் சரி சரி என்று அழுத்துகிற பழக்கம் உள்ளவர்கள் இந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுப்பதே நல்லது. எப்படியும் டெம்ப்ளேட்டைத் தொடுவதற்கு முன் தளத்தின் ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் தேதி போட்டு ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீபாவளித் தள்ளுபடிப் பக்கம் மட்டும் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று தோன்றும். அந்தப் பக்கத்தை மட்டும் டெம்ப்ளேட்டிலிருந்து பிரித்துவிடலாம். 'டிடாச்' என்று அதற்கு ஒரு கட்டளை உண்டு. பிரித்த பிறகு எல்லா இடமும் திறந்துவிடும், ஆனால் பிற்பாடு வரும் திருத்தங்கள் அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேரா. பாகம் பிரித்துக்கொண்டு போன தம்பி மாதிரி. பிரித்த பக்கங்களின் பெயரை ஒரு சிட்டையில் குறித்து வையுங்கள்.

யார் கையில் சாவி

நமக்குத் தெரிந்த எண்ணெய் வியாபாரி ஒருவர் நல்ல தொகை கொடுத்துத் தளம் செய்துகொண்டார். செய்தவர் முடிந்த பக்கங்களைச் சர்வரில் ஏற்றிக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டார். டெம்ப்ளேட் கோப்பு அவருடைய கம்ப்யூட்டரிலேயே இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவர் தொழிலை விட்டுவிட்டார், தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. வியாபாரி கிடங்கை மாற்றியபோது விலாசத்தைத் திருத்த ஆள் தேடினால், பக்கங்கள் இருக்கின்றன, டெம்ப்ளேட் இல்லை. நல்ல வேளையாக ஒவ்வொரு பக்கத்தின் உள்ளேயும் எது பூட்டிய இடம், எது திறந்த இடம் என்பதற்கான குறிகள் சாதாரண எழுத்தில் இருக்கும். வாசகர் கண்ணுக்குத் தெரியாது, நோட்பேடில் திறந்தால் தெரியும். விவரம் தெரிந்த ஒருவர் அந்தக் குறிகளை வைத்து டெம்ப்ளேட்டைத் திரும்பக் கட்டிக்கொடுத்தார். கட்டணம் இரண்டாம் முறை.

ஆகவே தளம் செய்யக் கொடுக்கும்போதே, முடிந்ததும் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரோடு சேர்த்து முழுத் தளத்தையும் நம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தின் முகவரி நம் பெயரிலும் நம் ஈமெயிலிலும் பதிவாகியிருக்கிறதா என்பதையும் கடைசித் தவணைக்கு முன் பார்த்துவிட வேண்டும்.

மென்பொருளும் நிரந்தரமல்ல. ஒரு காலத்தில் பலர் உபயோகித்த மைக்ரோசாஃப்டின் ஃப்ரண்ட்பேஜ் 2003-ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றது. அதில் செய்த படிவங்களும் வருகை எண்ணிகளும் சர்வரில் தனித் துணைநிரல் இருந்தால்தான் ஓடும் என்பதால் பல தளங்கள் பின்னால் சங்கடப்பட்டன. டிரீம்வீவர் டெம்ப்ளேட்டில் செய்த பக்கம் சாதாரண ஹெச்.டி.எம்.எல். பக்கமாகவே இருப்பதால், மென்பொருளுக்குக் கட்டும் சந்தாவை நிறுத்தினாலும் பக்கம் ஓடும். புதுப்பிக்கும் வசதி மட்டும் போகும்.

வேர்டுபிரஸ் உபயோகிப்பவர்கள் இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 2003-ல் வந்த அதில் தீம் என்பதற்குள் டெம்ப்ளேட்டுகள் அடங்கியிருக்கின்றன. பக்கங்கள் கேட்கும்போது சர்வரிலேயே கூடுவதால், நாற்பது பக்கத்தைத் திரும்ப ஏற்றும் வேலை அங்கே இல்லை. ஆனால் பிறர் செய்த தீமின் கோப்பில் நேராகக் கை வைத்து விலாசத்தை எழுதினால், அந்தத் தீமுக்குப் புதுப் பதிப்பு வந்து ஏறும் நாளில் நாம் எழுதியது அழிந்துபோகும். 'சைல்டு தீம்' என்று ஒன்று உண்டாக்கி அதில் எழுதச் சொல்லுங்கள். எதைப் பூட்டுவது, எதைத் திறப்பது என்று முன்னே சொன்ன மூன்று பத்தித் தாள் அங்கேயும் வேண்டும். அதை எழுதி எடுத்துக்கொண்டு போய்த்தான் வேலை கொடுக்க வேண்டும்.